சங்கப் பத்திரங்களும் புதிய பதிவு முறையும்

பொதுக் காரியங்களை விதிப்படி நடத்துவதும், அவற்றை எழுத்தில் நிலைநாட்டி வைப்பதும் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குப் புதிய வழக்கம் அன்று. நமது மாவட்டத்து மானூரில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று, ஊர்ச்சபையில் பங்கு கொள்வோருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை வரையறுக்கின்றது. பின்னர், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவ்விதிகளுள் ஒன்று நம் கருத்துக்கு உரியது. முன்பு வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம் பெறுதல் கூடாது என்பதே அது.

இன்று கல்வெட்டின் இடத்தில் பதிவாளரின் ஏடு இருக்கின்றது. அந்த ஏடும் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறி வருகின்றது. முறை மாறினும் கேள்வி மாறவில்லை. “பொதுப் பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டினாரா?” என்பதே அக்கேள்வி. நம் கிராமங்களிலுள்ள சங்கங்களும், உற்பத்தியாளர் கம்பெனிகளும், சிறுதொழில்களும் அரசுக்கு அனுப்ப வேண்டிய பத்திரங்கள் யாவை, அவற்றைப் புதிய முறையில் அனுப்புவது எவ்வாறு, அனுப்பத் தவறினால் நேர்வது என்ன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எந்த அமைப்புக்கு எந்தப் பதிவாளர்?

முதலில் தெளிவு பெற வேண்டியது இதுவே. கிராமத்தில் எல்லாவற்றையும் “சங்கம்” என்ற ஒரே பெயரால் அழைக்கின்றோம். சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறானவை.

(1) படிப்பகம், நற்பணி மன்றம், விவசாயிகள் நலச் சங்கம் போன்றவை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவன. இச்சட்டம் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். இவற்றுக்குரிய அதிகாரி, பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர் ஆவார். பதிவு மாவட்டத்தின் எல்லையும் வருவாய் மாவட்டத்தின் எல்லையும் ஒன்றாகவே இருக்கும் என்று கருத வேண்டா. தம் ஊர் எந்தப் பதிவு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

(2) உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்பது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. 2002-இல் நிறைவேறிய திருத்தத்தின் பயனாக இவ்வகைக் கம்பெனி நம் நாட்டில் தோன்றிற்று. உற்பத்தியாளர் பத்துப் பேர் சேர்ந்து இதனை அமைக்கலாம். நம் பகுதிக் கம்பெனிகளுக்குரிய பதிவாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது.

(3) கூட்டுறவுச் சங்கங்கள் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இயங்குவன. இவற்றுக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் தனியே உண்டு.

(4) கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் முதலியவற்றின் பாசனதாரர் அறிந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்வது குறித்து 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின் வழிப்பட்டது. இதனை ஊரிலுள்ள விவசாயிகள் நலச் சங்கத்தோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

(5) பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோர், காருகுறிச்சியில் மண்பாண்டம் வனைவோர் போன்று தனித்துத் தொழில் நடத்துவோருக்கு, 2020 ஜூலை முதல் நாள் தொடங்கி ‘உத்யம்’ பதிவு முறை நடைமுறையில் இருந்து வருகின்றது.

ஒரு வெள்ளம் கற்பித்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடிற்று. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலும் நீர் புகுந்தது. பயிரும் கால்நடையும் வீடும் இழந்தோர் பலர். இவற்றோடு, அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்றும் நேர்ந்தது. வீடுகளில் வைத்திருந்த பத்திரங்கள் சேறாயின.

ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் அப்போது நாம் கண்டதைச் சொல்வது பயன் தரும். அங்கே விவசாயிகள் நலச் சங்கம் ஒன்று பல ஆண்டுகளாக நடந்து வந்தது. விசைத்தெளிப்பான்களையும் நீர் இறைக்கும் எஞ்சின்களையும் குறைந்த வாடகைக்குக் கொடுத்து, சிறு விவசாயிகளுக்குத் துணை புரிந்த நல்ல சங்கம் அது. வாடகைப் பணத்தில் ஒரு காசும் வீண் போனதில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழும், நடவடிக்கைப் புத்தகமும், கணக்கேடுகளும் செயலாளர் வீட்டு டிரங்குப் பெட்டி ஒன்றிலேயே இருந்தன. வெள்ளம் அப்பெட்டியைத் தூக்கிச் சென்றது. எஞ்சின்கள் மணலில் புதைந்தன.

சில நாட்களில் தரும சிந்தனையுள்ள அறநிலையம் ஒன்று, வேறு எஞ்சின்கள் வாங்கப் பணம் தர முன்வந்தது. பதிவு நடப்பில் இருப்பதற்கான சான்றும், இப்போதைய நிர்வாகிகளின் ஜாபிதாவும், மூன்றாண்டுக் கணக்கும் வேண்டும் என்று கேட்டது. சங்கத்தார் சான்று நகல் கோரிப் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றனர். அங்கே இருந்த கடைசி ஆண்டறிக்கை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது. அதில் கண்ட தலைவர் காலமாகிவிட்டார். பொருளாளர் பிழைப்புக்காக வெளியூர் சென்றுவிட்டார். ஊரார் அறிந்த நிர்வாகிகள் ஒருவர்; அரசின் ஏடு அறிந்த நிர்வாகிகள் வேறொருவர். வங்கியும் கையொப்பம் இடுவோரை மாற்ற மறுத்தது. நாமும் நமது அலுவலகத்திலிருந்து ஆறுதல் சொல்ல முடிந்ததே தவிர, எழுதப்படாத பன்னிரண்டு ஆண்டுகளை எழுதிக் கொடுக்க முடியவில்லை. வங்கிக் கணக்கு விவரத்தை வைத்துக்கொண்டு, ஆண்டுவாரியாகக் கணக்கை மீண்டும் எழுதி, பொதுக்குழுவைக் கூட்டி, நிலுவைகளைச் செலுத்தி முடிக்க அடுத்த கார் பருவமும் கடந்துவிட்டது. அதற்குள் அந்த அறநிலையத்தின் பணம் வேறு ஊருக்குச் சென்றுவிட்டது.

அதே ஊரில் மகளிர் நடத்தும் சிறிய சங்கம் ஒன்றின் ஏடுகளும் வெள்ளத்தில் போயின. ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பி வந்தவர்கள். ஆகவே சான்று நகல்களைப் பெற்று, அறுவடை நாளுக்கு முன்னரே மீண்டும் பணி தொடங்கினர். இரு சங்கத்தாரும் நேர்மையானவர்களே. வேறுபாடு ஒன்றுதான். ஒருவருடைய நேர்மை தம் வீட்டுப் பெட்டியில் மட்டும் இருந்தது. மற்றவருடையது அரசின் ஏட்டிலும் இருந்தது.

காகிதத்திலிருந்து கணினிக்கு

முற்காலத்தில் பத்திரம் தாக்கல் செய்தல் என்றால், ஒரு நாள் வேலையை விட்டுப் பேருந்தேறி நகரத்துக்குச் செல்ல வேண்டும். படிவத்தில் ஒரு பிழை இருந்தால் மறுநாளும் செல்ல வேண்டும். கம்பெனியாயின் சென்னைக்கே பயணம். 600 கிலோமீட்டருக்கு மேல் சென்று, ஒரு கையொப்பம் விடுபட்டதென்று திரும்பி வருவது சிறு அமைப்புகளால் தாங்கக்கூடியதன்று.

இந்நிலையை மாற்றியவை சில படிகள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணு ஆவணத்துக்கும் மின் கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு அளித்தது. 2006-இல் மத்திய அரசு கம்பெனிகளின் தாக்கல்களை ‘எம்.சி.ஏ. 21’ என்னும் திட்டத்தின் கீழ்க் கணினி வழிக்குக் கொண்டு வந்தது. தமிழ்நாட்டின் பதிவுத் துறையில் 2000-இல் ‘ஸ்டார்’ என்ற கணினித் திட்டம் தொடங்கிற்று. 2018 பிப்ரவரியில் அதன் இரண்டாம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. பத்திரப் பதிவு, வில்லங்கச் சான்று ஆகியவற்றுக்கு நாம் பயன்படுத்தும் பதிவுத் துறை இணையதளத்திலேயே சங்கங்களுக்கான பணிகளும் இடம்பெற்றுள்ளன. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமும் இல்லை. காகித இணைப்பும் இல்லை. தொழில் நடத்துவோர் தாமே அளிக்கும் உறுதிமொழியே அதற்குப் போதுமானது. அப்பதிவுக்கென்று பணம் கேட்கும் தனியார் இணையதளங்களைக் கண்டு ஏமாறுதல் கூடாது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் நோக்குவோம். பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்னும் சிறு நாடு உள்ளது. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். நமது திருநெல்வேலி மாவட்டத்தின் தொகையை விடக் குறைவு. அந்நாடு 2002-இல் குடிமக்களுக்கு மின்னணு அடையாள அட்டை வழங்கத் தொடங்கிற்று. 2007-இல் தொழில் நிறுவனங்களை இணையம் வழியே பதிவு செய்யும் வாயிலைத் திறந்தது. முதலில் ஒவ்வொருவருடைய அடையாளத்தையும் உறுதிப்படுத்தி, அதன் பின்னரே தாக்கல் முறையை மாற்றினர் என்பது கவனிக்கத்தக்கது. பெயரும் கையொப்பமும் ஐயத்துக்கு இடமின்றி இருந்தால் மற்றவை எளிதாகும்.

நம்மிடத்தில் தடை எழுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவது தமிழர் வழக்கம். ஆதார் அட்டையில் பெயர் தலைப்பெழுத்தோடு இருக்கும். வருமான வரி நிரந்தரக் கணக்கு அட்டையிலோ தலைப்பெழுத்து விரித்தெழுதப்பட்டிருக்கும். எழுத்தர் ஒருவர் இரண்டும் ஒருவரே என்று அறிந்துகொள்வார். கணினி அவ்வாறு அறியாது. இருவேறு ஆட்கள் என்று கொண்டு திருப்பிவிடும். ஆகவே நிர்வாகிகளாக வருவோர், தேர்தல் முடிந்த வாரத்திலேயே தம் அட்டைகளிலுள்ள பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். தாக்கல் செய்யும் கடைசி நாளில் இதனைச் செய்ய இயலாது.

கார் அறுவடைக்கு முன் கணக்கு

தாக்கல் செய்ய வேண்டிய நாட்களை நினைவில் நிறுத்த, நம் விவசாயிகளுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பெரும்பாலான அமைப்புகளின் நிதியாண்டு மார்ச்சு 31-இல் முடிகின்றது. அதிலிருந்து ஆறு மாதம் என்பது செப்டம்பர் 30. கார் நெல் களத்துக்கு வரும் காலமும் அதுவே. ஆதலின், கார் நாற்றுப் பாவும்போது கணக்கைத் தணிக்கைக்குக் கொடுத்து, கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு வயலைத் திருத்துமுன் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று கொள்வோமாயின் தவறு நேராது.

சங்கத்தார் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தணிக்கை செய்யப்பெற்ற வரவு செலவுக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும். இரண்டாவது, நிதியாண்டின் இறுதியில் இருந்த உறுப்பினர்களின் ஜாபிதா. மூன்றாவது, அவ்வாண்டில் சங்கம் செயற்பட்டது என்னும் உறுதிமொழி. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படுதல் கூடாது. குழுவில் மாறுதல் நேரும்போதெல்லாம் 7-ஆம் எண் படிவத்தில் அதனைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். முன்னர்ச் சொன்ன ஆற்றோரச் சங்கம் இடர்ப்பட்டது இந்தப் படிவம் ஒன்றை அனுப்பாது விட்டதனாலேயே எனலாம்.

உற்பத்தியாளர் கம்பெனிக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த பின் உரிய காலத்துக்குள் கணக்கறிக்கையையும், 60 நாட்களுக்குள் ஆண்டு விவர அறிக்கையையும் தாக்கல் செய்தல் வேண்டும். தவறினால், ஒவ்வொரு படிவத்துக்கும் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும். இரு படிவங்களும் 200 நாள் தாமதித்தால் தொகை 40,000 ரூபாய் ஆகின்றது. சிறு விவசாயிகள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்குத்தொகை கட்டியிருப்பின், நாற்பது பேருடைய பங்கு இவ்வாறு வீணே கரைந்துவிடும்.

அதனினும் பெரிய தண்டனை ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்குக் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள், ஐந்தாண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக அமர்த்தப்படும் தகுதியை இழக்கின்றனர். உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதி வேறு உருவில் இன்றும் உயிரோடிருப்பதை இதனால் உணரலாம். 2017-இல் மத்திய அரசு, இயங்காதிருந்த கம்பெனிகள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கிற்று. அக்கம்பெனிகளின் வங்கிக் கணக்குகளும் கட்டுப்பாட்டுக்குள்ளாயின. வாழைக்காய் விற்ற பணம் வங்கியில் இருந்தும் எடுக்க முடியாத நிலை எந்த உழவர் கம்பெனிக்கும் வருதல் வேண்டா.

சாவி யார் கையில்?

புதிய முறை ஒரு புதிய ஆபத்தையும் உடன் கொண்டு வந்துள்ளது. முன்பு சங்கத்தின் முத்திரையும் ஏடும் தலைவர், செயலாளர் பொறுப்பில் இருந்தன. இன்று முத்திரையின் இடத்தைக் கடவுச்சொல்லும், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியெண்ணும், மின் கையொப்பச் சாதனமும் பெற்றுள்ளன. நம் கிராம அமைப்புகள் பலவற்றில் இவை வெளியாள் ஒருவரிடம் இருக்கின்றன. அவரே தம் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிந்து விடுகின்றார். அரசிலிருந்து வரும் நோட்டீசு அவருக்கே செல்கின்றது. அவர் தொழிலை விட்டாலோ, கட்டணத் தகராறு எழுந்தாலோ, சங்கம் தன் வீட்டுக்குள் தானே நுழைய முடியாத நிலையை அடைகின்றது. ஆகவே பின்வரும் ஏற்பாடுகள் இன்றியமையாதன:

1. அமைப்பின் பெயரிலேயே ஒரு கைபேசி எண்ணும் ஒரு மின்னஞ்சலும் இருத்தல் வேண்டும். நிர்வாகிகள் மாறும்போது கணக்கேட்டோடு இவற்றையும் ஒப்படைத்து, நடவடிக்கைப் புத்தகத்தில் குறித்தல் வேண்டும்.

2. மின் கையொப்பச் சாதனம், அதற்குரியவர் வசமே இருத்தல் வேண்டும். கையொப்பமிட்ட வெற்றுத்தாளை அயலாரிடம் கொடுப்பதும், அச்சாதனத்தைக் கொடுத்து வைப்பதும் ஒன்றே. அதன் காலாவதித் தேதியையும் குறித்து வைத்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

3. கம்பெனிப் படிவங்கள் தமிழில் இல்லை. எனவே, அனுப்புமுன் அதிலுள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லக் கேட்ட பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். ஊரில் படித்த இளைஞர் ஒருவரை இதற்குப் பழக்குவது நலம்.

4. தாக்கல் செய்தவுடன் கிடைக்கும் ஒப்புகைச் சீட்டை அச்சிட்டு ஏட்டில் ஒட்டுதல் வேண்டும். அதன் நகலை மின்னஞ்சலிலும் வைத்தல் வேண்டும். “அனுப்பிவிட்டேன்” என்ற வாய்ச்சொல் தாக்கல் ஆகாது.

5. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்னரே தாக்கல் செய்தல் நன்று. இணைய இணைப்பு அறுவதும், மின்சாரம் நிற்பதும், கடைசி வாரத்தில் அரசு இணையதளத்தில் நெருக்கடி மிகுவதும் நாம் அறிந்தனவே.

6. பழைய பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், நடவடிக்கைப் புத்தகத்தின் முக்கியப் பக்கங்கள் ஆகியவற்றை ஒளிநகல் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைத்தல் வேண்டும். ஆற்றோர ஊர்களுக்கு இது மிகவும் அவசியம்.

ஊராட்சி உறுப்பினர்களின் பங்கு

சங்கங்களின் பத்திரங்களைச் சரிபார்க்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. எனினும் நினைவூட்டும் கடமை உண்டு. ஊரிலுள்ள பதிவு பெற்ற அமைப்புகளின் ஜாபிதா ஒன்றை எழுதி, ஒவ்வொன்றும் எந்தச் சட்டத்தின் கீழ் எந்த ஆண்டில் பதிவாயிற்று, கடைசியாக எந்த ஆண்டுக்கு அறிக்கை அனுப்பிற்று என்ற விவரத்தைக் கேட்டறியலாம். சூலை மாதத்தில் ஒரு நாள் நிர்வாகிகளை அழைத்து, தணிக்கைக்குக் கொடுத்தாயிற்றா என்று விசாரிக்கலாம். இ-சேவை மையத்தில் என்னென்ன பணிகள் நடைபெறும், கட்டணம் எவ்வளவு என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் கணக்கெழுதிப் பழகிய பெண்மணிகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். மற்றச் சங்கத்தார் அவர்களுடைய துணையை நாடத் தயங்குதல் கூடாது. வாரந்தோறும் கணக்கைக் கூட்டத்தில் வாசித்து ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே வேரூன்றியுள்ளது.

அரசு அலுவலர்களாகிய நமக்கும் இதில் பொறுப்புண்டு. கிராமத்தார் கொண்டு வரும் பத்திரத்தில் குறை காணும்போது, எல்லாக் குறைகளையும் ஒரே முறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் ஒரு குறையும் மறுநாள் மற்றொன்றும் சொல்லி அலைய வைத்தால், கணினி வந்தும் பயனில்லை. பேருந்துப் பயணம் நின்று, இ-சேவை மையப் பயணம் தொடங்கிற்று என்பதே மிஞ்சும்.

முடிவாக ஒன்று கூறுவோம். கணினி நம் கணக்கை எழுதித் தராது. எழுதிய கணக்கை விரைந்து கொண்டு சேர்க்கும், வெள்ளத்தில் போகாது காக்கும். வாய்க்காலைத் தூர்வாரி வைத்தால்தான் அணையில் திறந்த நீர் கடைமடைக்கு வரும் என்பதைத் தாமிரபரணிப் பாசனதாரருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கத்தின் ஏடும் அத்தகையதே. அடுத்த ஊர்க்கூட்டத்தில் கீழ்க்கண்ட வினாக்களை ஒவ்வொரு சங்கத்தாரும் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நமது சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது? அதன் பதிவு எண் நம்மிடம் உள்ளதா?

2. பதிவாளரின் ஏட்டில் இன்று நிர்வாகிகளாக இருப்பவர் யார்? அவர்கள்தாம் உண்மையில் நிர்வாகிகளா?

3. கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டறிக்கை எந்த ஆண்டுக்குரியது? அதன் ஒப்புகைச் சீட்டு எங்கே?

4. பதிவில் கண்ட கைபேசி எண் யாருடையது?

5. இன்றிரவு ஆற்றில் வெள்ளம் வந்தால், நாளை நம் சங்கம் இருந்தது என்பதற்கு எது சாட்சி?